ஒரே மாத்திரை: மார்பகத்தில் தடை, கருப்பையில் தூண்டல்

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. மார்பகத்தில் கட்டி வந்து ஆபரேஷன் ஆகிவிட்டது. ஹார்மோன் ஏற்பி ‘பாசிட்டிவ்’ என்று ரிப்போர்ட் வந்தது. முதலில் லெட்ரோசோல் கொடுத்தார்கள். மூட்டுவலி தாங்க முடியவில்லை, எலும்பின் அடர்த்தியும் குறைந்துகொண்டே போனது. அதனால் இப்போது டமாக்சிஃபென் 20 மி.கி. மாத்திரைக்கு மாற்றியிருக்கிறார்கள். “இது மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும், எலும்புக்கும் நல்லது. ஆனால் கருப்பையைக் கொஞ்சம் தூண்டிவிடலாம். ரத்தப்போக்கு இருந்தால் உடனே வந்துவிடுங்கள்” என்றார் டாக்டர். ஹார்மோன் சாவி, ஏற்பி பூட்டு என்றுதான் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பூட்டும் ஒன்று, மாத்திரையும் ஒன்று. அப்படியிருக்க ஓரிடத்தில் தடுப்பதும் இன்னோரிடத்தில் தூண்டுவதும் எப்படி? எது மார்பகம், எது கருப்பை என்று மாத்திரைக்கு எப்படித் தெரியும்? இணையத்தில் தேடினால் பயம்தான் கூடுகிறது. இதைச் சாப்பிடத்தான் வேண்டுமா என்று அம்மா தினமும் கேட்கிறார்.

- வாசகி, திருச்சி

பதில்: மாத்திரைக்கு எதுவும் தெரியாது. உடம்பு முழுக்க ஒரே மாதிரிதான் போய்ச் சேருகிறது. வித்தியாசம் செல்லில் இருக்கிறது. ஒவ்வொரு திசுவின் செல்லும் எந்தெந்தத் துணைப் புரதங்களை எவ்வளவு வைத்திருக்கிறது என்பதில்தான் உங்கள் கேள்விக்கு விடை. நம் பள்ளிப் புத்தகங்கள் ஹார்மோன் ஏற்பியில் போய் அமர்ந்ததும் பாடத்தை முடித்துவிடுகின்றன. சுவாரசியமான பகுதியே அதற்குப் பிறகுதான் வருகிறது.

பூட்டு, சாவி உவமையில் ஒரு குறை உண்டு. எந்தச் சாவியை நுழைத்தாலும் பூட்டு பூட்டாகவே இருக்கும். ஏற்பி அப்படி இருப்பதில்லை. உள்ளே வந்து அமர்ந்த மூலக்கூறு எது என்பதைப் பொறுத்து அதன் உருவமே மாறிவிடுகிறது. மாறிய உருவத்தைப் பார்த்து வேறு புரதங்கள் வந்து ஒட்டுகின்றன. மரபணு வேலை செய்வதும் செய்யாததும் அப்படி ஒட்டும் புரதங்களின் கையில்தான் இருக்கிறது.

ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கிறது என்பதே 1950-களின் கடைசியில்தான் தெளிவானது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் எல்வுட் ஜென்சன், கதிரியக்கம் ஏற்றிய ஈஸ்ட்ரோஜனை இளம் பெண் எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். ரத்தத்திலும் தசையிலும் அது சீக்கிரம் மறைந்தது. கருப்பை மட்டும் அதைப் பிடித்து வைத்துக்கொண்டது. பிடித்து வைக்கும் பொருள் ஏதோ ஒன்று அங்கே இருக்க வேண்டும் அல்லவா? அந்தப் பொருள்தான் ஏற்பி. 595 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதம். இதன் குடும்பத்தில் மனித உடம்பில் மொத்தம் 48 ஏற்பிகள் இருக்கின்றன. தைராய்டு ஹார்மோன், வைட்டமின் டி, வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ரெட்டினோயிக் அமிலம், கார்ட்டிசால் ஆகியவற்றின் ஏற்பிகளும் இந்தக் குடும்பம்தான். இவை செல்லின் உட்கருவில் டி.என்.ஏ-வின் மீதே அமர்ந்து வேலை செய்பவை.

அமர்ந்தால் மட்டும் போதாது. ஒரு செல்லில் உள்ள டி.என்.ஏ-வை நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். அது ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளைச் சுற்றி இறுக்கமாகச் சுருண்டு கிடக்கிறது. இறுக்கம் தளர்ந்தால்தான் மரபணுவைப் படியெடுக்கும் நொதி உள்ளே வர முடியும். தளர்த்தும் திறன் ஏற்பிக்குக் கிடையாது. அதற்கு ஆள் வர வேண்டும்.

அப்படி யாரோ வருகிறார்கள் என்ற சந்தேகம் 1989-இல் பலப்பட்டது. பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் பியர் ஷாம்போனின் ஆய்வகத்தில் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். ஒரே செல்லுக்குள் ஒரு ஹார்மோன் ஏற்பியை அளவுக்கு மீறி நிறைத்தால், அதோடு சம்பந்தமில்லாத இன்னொரு ஏற்பியின் வேலை மந்தமாகிவிட்டது. இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று செல்லில் குறைந்த அளவே இருக்கிறது, அதற்காக இரண்டும் போட்டியிடுகின்றன என்றால்தான் இது விளங்கும். அந்தப் பொதுவான ஏதோ ஒன்றைத் தேடும் பந்தயம் தொடங்கியது.

1995-இல் ஒரே வருடத்தில் இரண்டு பக்கமும் பிடிபட்டன. ஹூஸ்டன் நகரின் பேய்லர் மருத்துவக் கல்லூரியில் பெர்ட் ஓமாலியின் குழு எஸ்.ஆர்.சி-1 என்ற புரதத்தைக் கண்டுபிடித்தது. இது ஏற்பியோடு ஒட்டி மரபணுவின் செயல்பாட்டைக் கூட்டுகிறது. இந்த வகையை ஊக்கிகள் என்று சொல்வோம். அதே வருடம் கலிஃபோர்னியாவில் ரொனால்ட் எவன்ஸின் குழு ஸ்மர்ட் என்ற புரதத்தையும், மைக்கேல் ரோசன்ஃபெல்டின் குழு என்-கோர் என்ற புரதத்தையும் அறிவித்தன. இவை மரபணுவை அமைதிப்படுத்துபவை, அதாவது அடக்கிகள். இன்றைக்கு இந்த இரண்டு வகையிலுமாக 300-க்கும் மேற்பட்ட துணைப் புரதங்கள் பட்டியலில் இருக்கின்றன.

இவை செய்யும் வேலை ரசாயன வேலை. ஊக்கிகள் வரும்போது ஹிஸ்டோன்கள்மீது அசிட்டைல் என்ற சிறு குழுவை ஒட்டும் நொதிகளையும் அழைத்து வருகின்றன. அது ஒட்டியதும் ஹிஸ்டோன் டி.என்.ஏ-வைப் பற்றியிருக்கும் பிடி தளர்கிறது, படியெடுப்பு தொடங்குகிறது. அடக்கிகள் எச்டாக்-3 என்ற நொதியைக் கூட்டி வருகின்றன. அது அந்த அசிட்டைல் குழுக்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுக்கிறது. பிடி மறுபடி இறுகுகிறது. ஏற்பியின்மீது ஊக்கி இருக்கிறதா, அடக்கி இருக்கிறதா என்பதைப் பொறுத்து ஒரே மரபணு பேசும், அல்லது வாயை மூடிக்கொள்ளும்.

இனி டமாக்சிஃபெனுக்கு வருவோம். ஏற்பியில் ஹார்மோன் அமரும் பகுதி சுருள் சுருளான 12 துண்டுகளால் ஆனது. கடைசிச் சுருளான பன்னிரண்டாவதுதான் இந்தக் கதையின் நாயகன். ஈஸ்ட்ரோஜன் உள்ளே வந்து அமர்ந்ததும் அந்தச் சுருள் அதன்மேல் மடிந்து மூடிக்கொள்கிறது. மூடியதும் ஏற்பியின் வெளிப்பக்கத்தில் ஒரு பள்ளம் உருவாகிறது. எஸ்.ஆர்.சி-1 போன்ற ஊக்கிகளில் லூசின் என்ற அமினோ அமிலம் குறிப்பிட்ட இடைவெளியில் மூன்று முறை வரும் ஒரு குட்டித் துண்டு உண்டு. அது இந்தப் பள்ளத்தில் கச்சிதமாகப் பொருந்துகிறது. 1997-இல் பிரிட்டனில் மால்கம் பார்க்கரின் குழு இதைக் கண்டுபிடித்தபோது, பல ஊக்கிகளிலும் இதே துண்டு இருப்பது தெரியவந்தது.

டமாக்சிஃபென் ஈஸ்ட்ரோஜன் அமரும் அதே இடத்தில்தான் அமர்கிறது. ஆனால் அதற்கு ஒரு நீண்ட பக்கக் கிளை உண்டு. அது வெளியே துருத்திக்கொண்டு நிற்பதால் பன்னிரண்டாவது சுருளால் மூட முடிவதில்லை. தள்ளப்பட்ட சுருள் எங்கே போகிறது தெரியுமா? ஊக்கி வந்து உட்கார வேண்டிய அதே பள்ளத்தில் தானே போய்ப் படுத்துக்கொள்கிறது! அந்தச் சுருளிலும் லூசின்கள் ஏறக்குறைய அதே ஒழுங்கில் இருப்பதால் பள்ளம் அதை ஏற்றுக்கொள்கிறது. 1998-இல் படிக அமைப்பில் இதை நேரடியாகப் பார்த்தார்கள். மருந்தியலில் எனக்கு மிகவும் பிடித்த படங்களில் ஒன்று அது. ஊக்கிக்கு இடமில்லை என்றானதும் அடக்கிகள் வந்து சேர்கின்றன. மார்பகப் புற்றுசெல்லைப் பெருகச் சொல்லும் மரபணுக்கள் அடங்குகின்றன. டாக்டர் சொன்ன முதல் பாதி இதுதான்.

அப்படியானால் கருப்பையிலும் இதேதானே நடக்க வேண்டும்? ஏற்பியும் அதுவே, மருந்தும் அதுவே. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். 1996-இல் ஈஸ்ட்ரோஜனுக்கு பீட்டா என்ற இரண்டாவது ஏற்பி கண்டுபிடிக்கப்பட்டபோது, விடை கிடைத்துவிட்டது என்று சிலர் நினைத்தார்கள். முழுதாக அப்படி இல்லை. மார்பகக் கட்டியிலும் கருப்பையிலும் பெரும்பங்கு வகிப்பது பழைய ஆல்ஃபா ஏற்பியேதான்.

விடை, ஏற்பியின் இன்னொரு முனையில் இருக்கிறது. ஊக்கிகள் ஒட்டக்கூடிய இடங்கள் அதில் இரண்டு. ஒன்று நான் சொன்ன பள்ளம். மற்றொன்று புரதத்தின் தொடக்க முனையில் உள்ளது. டமாக்சிஃபென் பள்ளத்தை அடைக்கிறது, தொடக்க முனையைத் தொடுவதில்லை. ஊக்கிகள் குறைவாக உள்ள செல்லில் அந்த முனை மட்டும் தனியாக எதையும் சாதிக்க முடியாது. ஊக்கிகள் நிறைந்து கிடக்கும் செல்லில் அந்த வழியாகவே வேலை நடந்துவிடும்.

பாஸ்டனின் டேனா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனத்தில் யோங்ஃபெங் ஷாங், மைல்ஸ் பிரவுன் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. மார்பகச் செல்களில் டமாக்சிஃபென் ஏற்பியிடம் அடக்கிகளை வரவழைத்தது. கருப்பை உட்சுவர்ச் செல்களில் அதே டமாக்சிஃபென், சில குறிப்பிட்ட மரபணுக்களில் மட்டும், ஈஸ்ட்ரோஜனைப் போலவே ஊக்கிகளை வரவழைத்தது. காரணம், அந்தக் கருப்பைச் செல்களில் எஸ்.ஆர்.சி-1 அதிகம். அந்த அதிக அளவு இல்லாமல் டமாக்சிஃபெனால் அங்கே ஈஸ்ட்ரோஜன் வேலையைச் செய்ய முடியவில்லை. ராலாக்சிஃபென் என்ற இன்னொரு மருந்து கருப்பைச் செல்களிலும் ஊக்கிகளை வரவழைக்கவில்லை. அதனால்தான் அதற்கு இந்தக் கருப்பைத் தொல்லை இல்லை. அதை அம்மாவுக்கு ஏன் தரக் கூடாது என்று நீங்கள் கேட்கலாம். எலும்புத் தேய்வுக்கும், ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் வராமல் தடுக்கவும்தான் ராலாக்சிஃபென் பயன்படுகிறது. ஏற்கெனவே புற்றுநோய் வந்தவர்களுக்கு அது சிகிச்சை மருந்து அல்ல.

எலும்பு விஷயத்திலும் இதே தர்க்கம்தான், கூடவே ஒரு திருப்பமும் உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களின் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் மிகக் குறைவு. அங்கே டமாக்சிஃபெனின் அரைகுறை ஈஸ்ட்ரோஜன் குணமே எலும்புக்கு லாபம். மாதவிடாய் நிற்காத இளம் பெண்களிடம் இதே மாத்திரை எலும்பின் அடர்த்தியைச் சற்றுக் குறைக்கிறது, ஏனென்றால் அங்கே அது முழு வலுவுள்ள இயற்கை ஹார்மோனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு மருந்தைத் ‘தடுப்பான்’ என்றோ ‘தூண்டி’ என்றோ முத்திரை குத்துவது எவ்வளவு அபத்தம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

டமாக்சிஃபெனின் வரலாறே ஒரு வேடிக்கை. இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் 1962-இல் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் இதை உருவாக்கினார். தேடியது கருத்தடை மாத்திரை. எலிகளில் கருத்தரிப்பைத் தடுத்த மருந்து, பெண்களிடம் சினைமுட்டை வெளிவருவதைத் தூண்டியது! எலிக்கும் மனிதருக்கும் இடையே செயல் இப்படித் தலைகீழானது. 1971-இல் மான்செஸ்டரின் கிறிஸ்டி மருத்துவமனையிலிருந்து மார்பகப் புற்றுநோய் நோயாளிகளிடம் கிடைத்த முதல் முடிவுகள் வெளியாயின. இன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது இருக்கிறது, விலையும் குறைவு.

துணைப் புரதங்கள் பற்றிய அறிவு ஆய்வகத்தோடு நின்றுவிடவில்லை. எஸ்.ஆர்.சி-1-இன் தம்பியான ஏ.ஐ.பி-1 என்ற ஊக்கியின் மரபணு சில மார்பகக் கட்டிகளில் பல பிரதிகளாகப் பெருகியிருப்பதை 1997-இல் கண்டார்கள். இந்த ஊக்கியும் ஹெர்-2 என்ற புரதமும் இரண்டுமே மிகுந்துள்ள கட்டிகளில் டமாக்சிஃபென் சரியாக வேலை செய்வதில்லை என்று 2003-இல் கென்ட் ஆஸ்போர்னின் குழு காட்டியது. ஹெர்-2 தரும் சமிக்ஞைகள் ஊக்கியை மேலும் தூண்டிவிடுகின்றன. அதனால் கருப்பையில் நடப்பது போலவே, கட்டியிலும் மருந்து தடுப்பதை விட்டு வளர்க்கத் தொடங்கிவிடலாம். அம்மாவின் ரிப்போர்ட்டில் ஹெர்-2 என்ன என்று எழுதியிருப்பார்கள், பார்த்துவையுங்கள்.

அடக்கிகள் பக்கம் ஒரு கதை இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக மனமில்லை. ரத்தப் புற்றுநோயில் புரோமைலோசைட்டிக் லுகேமியா என்று ஒரு வகை உண்டு. ரத்தப்போக்கால் சில நாட்களிலேயே உயிரைப் பறிக்கக்கூடியது. அதில் ரெட்டினோயிக் அமில ஏற்பி இன்னொரு புரதத்தோடு ஒட்டிப்போய் ஒரு கலப்புப் புரதம் ஆகிவிடுகிறது. அந்தக் கலப்பு அடக்கிகளை விடாப்பிடியாகப் பற்றிக்கொள்கிறது. உடம்பில் இயல்பாக இருக்கும் அளவு ரெட்டினோயிக் அமிலம் வந்தாலும் விடுவதில்லை. ரத்தச் செல்கள் முதிராமல் பாதியில் நின்றுவிடுகின்றன. ஷாங்காயில் மருத்துவர் வாங் ஷென்யி, ரெட்டினோயிக் அமிலத்தின் ஒரு வடிவத்தை மருந்தாக அதிக அளவில் கொடுத்துப் பார்த்தார். 1988-இல் அவர் குழு வெளியிட்ட அறிக்கையில் 24 நோயாளிகளுக்கும் நோய் முழுதாகப் பின்வாங்கியிருந்தது, அவர்களில் ஒருவருக்கு மட்டும் கூடுதலாக இன்னொரு மருந்து தேவைப்பட்டது. அடக்கிகளை அவிழ்த்துவிடுவதால்தான் இது பலிக்கிறது என்று பத்தாண்டுகள் கழித்தே புரிந்தது. பின்னர் ஆர்சனிக் ட்ரையாக்சைடும் சேர்ந்தது. இன்று லுகேமியாக்களிலேயே அதிகம் குணமாகும் வகைகளில் அது ஒன்று.

இப்போது அம்மா தினமும் கேட்கும் கேள்வி. என் பதில்: சாப்பிடத்தான் வேண்டும். ஏற்பி பாசிட்டிவ் ஆனவர்கள் ஐந்து வருடம் டமாக்சிஃபென் எடுத்துக்கொண்டால், அந்தக் காலத்தில் நோய் திரும்பும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. பதினைந்து வருடக் கணக்கில் மார்பகப் புற்றுநோயால் வரும் மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. இன்னொரு பக்கம், அமெரிக்காவில் 1998-இல் வெளியான பெரிய தடுப்பு ஆய்வில் 50 வயதைத் தாண்டிய பெண்களிடம் கருப்பைப் புற்றுநோய் டமாக்சிஃபென் எடுத்தவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் சுமார் 3 பேருக்கு வந்தது, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாக வந்தது. மடங்கில் பார்த்தால் பெரிதாகத் தெரியும், தலைக்கணக்கில் பார்த்தால் சிறியது. ரத்தப்போக்கு முன்கூட்டியே காட்டிக்கொடுப்பதால் பெரும்பாலும் ஆரம்ப நிலையிலேயே பிடிபடவும் செய்கிறது. அம்மாவுக்குக் கருப்பையை ஏற்கெனவே எடுத்திருந்தால் இந்தக் கவலை அடியோடு இல்லை.

எந்த அறிகுறியும் இல்லாதபோது, பயத்தில் அடிக்கடி கருப்பை ஸ்கேன் எடுக்கவும் வேண்டாம். டமாக்சிஃபென் எடுப்பவர்களின் கருப்பை உட்சுவர் ஸ்கேனில் தடித்துத் தெரிவது சகஜம். அதைப் பார்த்துத் தேவையில்லாத பயாப்சிகள் நடக்கின்றன.

கவனிக்க வேண்டியது வேறு. ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ வந்தால், திடீரென்று மூச்சு வாங்கினால், ரத்தக்கட்டியாக இருக்கலாம், தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். மனச்சோர்வுக்கோ, உடம்பு சூடாகிக் கொதிப்பது போன்ற தொல்லைக்கோ வேறு டாக்டர் மருந்து எழுதினால், டமாக்சிஃபென் எடுப்பதை முதலில் சொல்லுங்கள். பாராக்செட்டின், ஃபுளுவாக்செட்டின் இரண்டும் டமாக்சிஃபெனை அதன் வலுவான வடிவமாக மாற்றும் கல்லீரல் நொதியைத் தடுப்பவை. ‘ஹார்மோனைச் சமன்படுத்தும்’ என்று விளம்பரம் செய்யும் பொடிகளையும் கேப்சூல்களையும் டாக்டரிடம் காட்டாமல் வாங்க வேண்டாம். மாதவிடாய் நின்றுபோன ஒருவருக்கு ஒரு சொட்டு ரத்தக் கறை பட்டாலும், அது தானாக நின்றுவிட்டாலும், அதே வாரத்தில் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அதுவரை மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.